பண்டிகை பிஸ்கட் வந்த வழி



விழா மலருக்கு ஒவ்வொரு குழுவும் தான் செய்யும் தொழிலோட வரலாற்றை எழுதித் தரணும்னு செயற்குழுக் கூட்டத்தில் சொன்னாங்க. ஓலைப்பெட்டி முடையுற குழு, ஆடு வளர்க்கிற குழு, ஊறுகாய் போடுற குழு எல்லாருக்கும் பாட்டி காலத்துக் கதை இருக்கு. எங்க குழு செய்யுறது பிஸ்கட். "பிஸ்கட்டுக்கு என்னத்த வரலாறு, வாங்கி டீயில முக்கித் திங்கிறதுதானே?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. கூட்டமே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன். ஆனா அந்தப் பழைய கதை தெரியாமல் எங்க குழு ஒரு தடவை நல்லா அடி வாங்கிச்சு. தெரிஞ்ச பிறகுதான் நிமிர்ந்துச்சு. அதைத்தான் எழுதுறேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எழுத்தில் பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

2023 ஈஸ்டர்

எங்க குழுவில் 12 பேர். கோயிலுக்குப் போறவங்க, சர்ச்சுக்குப் போறவங்க, பள்ளிவாசல் தெருவிலிருந்து வர்றவங்க எல்லாரும் உண்டு. நான் கோயிலுக்குப் போறவ. 2022-ல் பத்து நாள் பேக்கரிப் பயிற்சிக்குப் போனோம். முடிஞ்சதும் 40,000 ரூபாய் கடன் எடுத்து ஒரு ஓவன் வாங்கினோம். வீட்டில் இட்லி அவிப்போம், முறுக்கு சுடுவோம், அப்பம் ஊத்துவோம். நாலு பக்கமும் சூடு அடைச்சு வேகவைக்கிறது நம்ம அடுப்பங்கரைக்குப் புதுசு. முதல் மாசம் பாதி கருகல், பாதி பச்சை. போகப் போகக் கை பழகிடுச்சு.

2023 ஏப்ரல் 9-ஆம் தேதி ஈஸ்டர். பக்கத்து ஊர் மாதா கோவிலில் பிள்ளைகளுக்குக் கொடுக்க 600 பிஸ்கட் கேட்டாங்க. எங்களுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அதுதான். முட்டை வடிவத்தில் வெட்டி, மேலே வெண்ணெயும் பொடிச்ச சீனியும் அடிச்ச கிரீம் தடவி, ரோஸ், மஞ்சள், பச்சைக் கலரில் புள்ளி வச்சோம். படத்தில் பார்த்த மாதிரியே அவ்வளவு அழகா வந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் டப்பாவில் அடுக்கி ஆட்டோவில் ஏத்தி விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பாவைத் திறந்தா, கிரீம் முழுக்க உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்திருக்கு. பாதி மூடியில் ஒட்டியிருக்கு. பண்டிகை நாளில் அவங்க ஒண்ணும் சத்தம் போடலை. பாதிப் பணம் கொடுத்து அனுப்பினாங்க. அவங்க திட்டியிருந்தாக்கூட எங்களுக்கு அவ்வளவு வலிச்சிருக்காது.

தப்பு எங்க மேலதான். வெண்ணெய் 32, 35 டிகிரி சூட்டிலேயே உருகிப் போகும். எங்க ஊரில் ஏப்ரல் மாசம் நிழலிலேயே அதுக்கு மேலே கொதிக்கும். போதாததுக்கு, பிஸ்கட் நல்லா ஆறுறதுக்கு முன்னாலேயே அவசரப்பட்டு மூடி போட்டுட்டோம். அடுத்த வாரக் கூட்டத்தில் ஒரே சண்டை. "ஓவனை வித்துட்டுக் கடனை அடைச்சிருவோம். பேசாம முறுக்கு சுட்டு விப்போம்" என்று அஞ்சு பேர் சொன்னாங்க. என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். எனக்கும் பதில் சொல்ல வாய் வரலை.

மதினி கொண்டுவந்த அச்சு

அந்தக் கூட்டத்துக்கு எங்க மதினியும் வந்திருந்தாங்க. குவைத்தில் ஒரு லெபனான் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தில் ஒன்பது வருஷம் வீட்டு வேலை பார்த்துட்டு வந்தவங்க. அந்த வருஷங்களைப் பற்றி அதிகம் பேச மாட்டாங்க. அன்னைக்கு எல்லாரும் கத்தி முடிச்ச பிறகு, வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு மரச் சாமானை எடுத்துட்டு வந்தாங்க. பார்க்க அகப்பை மாதிரி கைப்பிடி. தலைப் பக்கம் கிண்ணம் போலக் குழிஞ்சு, உள்ளே பூ மாதிரி கோடு கோடாச் செதுக்கியிருந்தது.

"ஈஸ்டருக்கு அந்த வீட்டில் இதிலேதான் பிஸ்கட் போடுவாங்க. இதுக்குப் பேரு மாமூல்" என்றாங்க. நாங்க எல்லாரும் சிரிச்சுட்டோம். நமக்கு மாமூல்னா வேற அர்த்தமாச்சே! அரபு மொழியில் "செய்யப்பட்டது" என்று அர்த்தமாம். நம்ம ஊர் மாமூலும் அந்த அரபுச் சொல்லிலிருந்தே வந்ததுதானாம்.

மதினி சொன்னது இது. ரவையில் நெய்யை ஊத்திப் பிசறி ராத்திரி முழுக்க ஊற வைப்பாங்க. காலையில் பிசைஞ்சு, உள்ளே பேரீச்சம்பழ விழுதோ, அக்ரூட்டோ, பிஸ்தாவோ வச்சு உருட்டி, இந்த அச்சில் அமுக்கி, மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவாங்க. பூவோட சேர்ந்து பிஸ்கட் கீழே விழும். பூவேலை அச்சிலேயே முடிஞ்சுது. பருப்பு வச்சதுக்கு மட்டும் ஆறின பிறகு மேலே பொடிச் சீனி தூவுறது உண்டு. பேரீச்சம்பழம் வச்சதுக்கு அதுவும் கிடையாது. "உருகுறதுக்கு அதில் என்ன இருக்கு?" என்று மதினி கேட்டாங்க. கூட்டம் அமைதியாயிடுச்சு.

அன்னைக்குப் பிடிச்சது எனக்கு இந்த ஆசை. ஐசிங் வர்றதுக்கு முன்னால பண்டிகை பிஸ்கட்டை எப்படித்தான் அலங்காரம் பண்ணியிருப்பாங்க? பயிற்சி கொடுத்த மேடத்திடம் கேட்டேன். கிளை நூலகத்தில் தேடினேன். ராத்திரி மகளை உட்கார வச்சுப் போனில் தேடச் சொன்னேன். எல்லாத்தையும் ஒரு நோட்டில் எழுதினேன். அதிலிருந்துதான் இனி சொல்லப் போறேன்.

நோன்பும் முட்டையும்

ஈஸ்டர் ஒவ்வொரு வருஷமும் வேற வேற தேதியில் வரும். அதுவும் நம்ம பண்டிகை மாதிரி நிலாக் கணக்குதான். மார்ச் 21 அல்லது அதுக்குப் பிறகு வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயிறு. அதனால மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எங்கேயாவது விழும். எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை கொண்டாடணும்னு கி.பி. 325-ல் நைசியா என்ற ஊரில் கூடின சபை முடிவு செஞ்சது. கிழக்குத் திருச்சபைகள் பழைய நாள்காட்டியைப் பின்பற்றுறதால, அவங்களுக்குப் பல வருஷம் தேதி மாறி வரும்.

அதுக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம். இப்போ நம்ம ஊர்ப் பக்கம் பல பேர் கறி, மீன் விடுறதோட சரி. பழைய காலத்துக் கட்டுப்பாடு அதைவிடக் கடுமை. கறி கிடையாது, பால் கிடையாது, வெண்ணெய் கிடையாது, முட்டை கிடையாது. கிரேக்கம் போன்ற நாடுகளின் கிழக்குத் திருச்சபையில் இன்றைக்கும் அந்த ஒழுங்கு உண்டு.

பிரான்சு நாட்டில் ரூவான் என்று ஒரு ஊர். அங்கே பெரிய கோவிலில் 'வெண்ணெய்க் கோபுரம்' என்று ஒன்று நிற்குது. தவக்காலத்தில் வெண்ணெய் சாப்பிட அனுமதி வேணும்னு ஜனங்க கட்டின பணம் அந்தக் கோபுரத்துக்குப் போனதால அந்தப் பேர் என்று சொல்றாங்க. வெண்ணெய் இல்லாம இருக்கிறது எவ்வளவு கஷ்டமா இருந்திருந்தா, கோபுரம் கட்டுற அளவுக்குப் பணம் கொடுத்திருப்பாங்க!

மனுஷங்க நோன்பு இருக்கலாம். கோழிக்கும் மாட்டுக்கும் நோன்பு தெரியுமா? கோழி முட்டையிடுறதுக்குப் பகல் வெளிச்சம் வேணும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் பகல் ரொம்பக் குறுகிப் போகும், கோழியும் முட்டையிடுறதைக் குறைச்சிரும். வசந்தம் வந்து பகல் நீள நீள மறுபடி இட ஆரம்பிக்கும். மாடும் கன்னு போட்டுப் பால் பெருகும். சரியா அந்த நேரம்தான் நோன்பு. ஒவ்வொரு வீட்டிலும் முட்டை கூடை கூடையாச் சேரும், வெண்ணெய் பானை நிறையும், தொடக்கூடாது.

இதைப் படிச்சப்போ எனக்குச் சட்டுனு விளங்கிச்சு. ஈஸ்டர் பலகாரம் எல்லாத்திலும் ஏன் முட்டையும் வெண்ணெயும் அவ்வளவு வருது? சேர்ந்து கிடந்ததை வீணாக்காம, நோன்பு முடியுற நாளுக்குப் பலகாரமா மாத்தியிருக்காங்க. மழை நாளில் மிஞ்சின பச்சரிசியை வத்தலுக்குக் காட்டுற கணக்குதான் இது. வீட்டுப் பெண்ணோட கணக்கு.

சீனி பூசாத மூணு நாட்டு அலங்காரம்

முதலில் கிரேக்கம். அங்கே ஈஸ்டர் பிஸ்கட்டுக்கு 'கூலுராக்கியா' என்று பேர். வெண்ணெய், முட்டை, மாவு, சீனி. மாவைக் கயிறு மாதிரி உருட்டி, இரண்டா மடிச்சு, முறுக்கி விடுவாங்க. பார்க்கப் பெண் பிள்ளைக்குப் போட்ட சடை மாதிரியே இருக்கும். மேலே முட்டை மஞ்சள் கரு தடவி எள் தூவி ஓவனில் வைப்பாங்க. மஞ்சள் கரு சூட்டில் வார்னிஷ் அடிச்ச மாதிரி பளபளக்கும். ஈஸ்டருக்கு முந்தின வாரத்தில் செஞ்சு, தொடாம எடுத்து வச்சு, சனிக்கிழமை நள்ளிரவுப் பூசை முடிஞ்ச பிறகு சாப்பிடுவாங்க. பெரிய வியாழக்கிழமை முட்டையை அவிச்சுச் சிவப்புச் சாயம் போடுறதும் அவங்க வழக்கம்.

இரண்டாவது லெபனான், சிரியா, பாலஸ்தீனம். மதினியோட மாமூல் பிறந்த இடம். அச்சில் மூணு விதம் வச்சிருப்பாங்க. தட்டையா வட்டமா இருந்தா உள்ளே பேரீச்சம்பழம். குமிழ் மாதிரி உயர்ந்திருந்தா அக்ரூட். நீள்வட்டமா இருந்தா பிஸ்தா. வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். ஆனா வாயில் போடுறதுக்கு முன்னாலேயே உள்ளே என்னனு கண்ணுக்குத் தெரிஞ்சிரும். அச்சு இல்லாதவங்க சின்ன இடுக்கியால மாவைக் கிள்ளிக் கிள்ளி முள் முள்ளா எடுப்பாங்க. அந்த ஊர்க் கிறிஸ்தவங்க இதிலே அர்த்தமும் வச்சிருக்காங்க. பேரீச்சம்பழம் வச்சு வளையம் மாதிரி செய்யுறது இயேசு தலையில் வச்ச முள்முடி. மாமூல், சிலுவையில் அவர் வாய்க்கு நீட்டின கடற்பஞ்சு.

இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இதே மாமூலைத்தான் முஸ்லிம் வீடுகளில் ரம்ஜான் பெருநாளுக்கும் செய்யுறாங்க. அந்தப் பக்கத்து யூதர்கள் பூரிம் என்ற அவங்க வசந்தப் பண்டிகைக்கும் செய்யுறாங்க. ஒரே மாவு, ஒரே அச்சு, மூணு பண்டிகை. ஒத்தை ஆளா உட்கார்ந்து இருநூறு பிஸ்கட் அச்சில் தட்ட முடியாது. அதனால அக்கம்பக்கத்துப் பெண்கள், நாத்தனார், மாமியார் எல்லாரும் ஒரு வீட்டில் கூடுவாங்க. ஒருத்தி உருட்ட, ஒருத்தி உள்ளே வைக்க, ஒருத்தி அச்சில் தட்ட. முந்தி வீட்டுக்கு வீடு ஓவன் கிடையாது. தட்டில் அடுக்கித் தலையில் வச்சுத் தெரு ஓவனுக்குக் கொண்டுபோய் வேகவச்சு எடுத்து வருவாங்க. நம்ம தீபாவளி முறுக்கு கதையேதான். அதையே கடன் எடுத்து, தீர்மான நோட்டு எழுதிச் செஞ்சா, அதுக்குப் பேரு சுய உதவிக் குழு.

மூணாவது இங்கிலாந்து. அதோட மேற்குப் பக்கம் சோமர்செட், பிரிஸ்டல் வட்டாரத்தில் ஈஸ்டர் பிஸ்கட் பிரபலம். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமா, ஓரம் பல் பல்லா வெட்டியிருக்கும். உள்ளே சின்ன உலர்திராட்சை, மசாலா வாசனை. மேலே வெள்ளைக்கரு தடவிச் சீனி தூவுவாங்க. சில வீடுகளில் பட்டையோட இனத்தைச் சேர்ந்த கேசியா எண்ணெய் சொட்டு விடுவாங்க. இயேசுவை அடக்கம் செய்யும்போது பூசின வாசனைப் பொருளை நினைவுபடுத்த என்று அதுக்கு விளக்கம் சொல்றாங்க. மூணு மூணாக் கட்டிக் கொடுக்கிறதும் உண்டு. அந்த ஓரத்தைப் படத்தில் பார்த்ததும், சோமாசிக்கு ஓரம் வெட்டுற சக்கரக் கரண்டி எங்க வீட்டில் ஆணியில் தொங்குறது ஞாபகம் வந்துச்சு.

முறுக்குறது, அச்சில் தட்டுறது, கிள்ளுறது, ஓரம் வெட்டுறது, எள்ளு தூவுறது. இதுதான் பழைய அலங்காரம். எல்லாமே கை வேலை. எதுவும் வெயிலுக்கு உருகாது.

சீனி எங்கேயிருந்து வந்துச்சு

அப்போ அந்த வெள்ளை ஐசிங் எப்போ வந்துச்சு? சீனி மலிவான பிறகுதான். கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கிற வித்தை நம்ம இந்தியாவிலிருந்து போனது. 'சர்க்கரா' என்ற சொல்தான் பாரசீகம், அரபு வழியாப் போய் ஆங்கிலத்தில் 'சுகர்' ஆச்சு. கற்கண்டில் இருக்கிற 'கண்டு', 'கேண்டி' என்ற சொல்லுக்குச் சொந்தம். ஐரோப்பாவில் ரொம்ப காலம் சீனி என்பது மிளகு, ஏலக்காய் மாதிரி விலை உயர்ந்த சரக்கு. மருந்துக் கடையிலும் வச்சு வித்திருக்காங்க. அதை பிஸ்கட் மேல கெட்டியாப் பூசுறது ராஜா வீட்டுக் காரியம்.

அது ஏழை வீட்டுக்கும் வந்த கதை இனிப்பான கதை இல்லை. கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க ஜனங்களை அடிமையாக் கொண்டுபோய்க் கரும்புக் காட்டில் வேலை வாங்கினாங்க. 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டுச்சு. உடனே கரும்புக் காட்டுக்கு வேற ஆள் தேடினாங்க. ஒப்பந்தம் போட்டு இந்தியாவிலிருந்து மொரீசியசுக்குக் கொண்டுபோனாங்க. 1860 நவம்பர் 16-ஆம் தேதி, மதராசிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் ஆட்களை இறக்கிச்சு. நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு முதல் முதல் போன கூட்டம் அதுதான். நம்ம தமிழ் ஜனங்க, பெண்கள், குழந்தைகள் அதில் இருந்தாங்க. பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்தில் கஷ்டப்பட்ட பெண்களை நினைச்சுப் பாரதியார் பாட்டே எழுதியிருக்கார்.

1874-ல் இங்கிலாந்தில் சீனி மேல இருந்த வரியை எடுத்தாங்க. சாதாரண வீட்டிலும் சீனி தாராளமாச்சு. அதுக்குப் பிறகுதான் பூசுற ஐசிங் எல்லார் கைக்கும் வந்துச்சு. குளிர் நாட்டில் அது உறைஞ்சு அழகா நிற்கும். எங்க ஊர் ஏப்ரலில் ஆட்டோவில் போனா எப்படி நிற்கும்? படத்தை மட்டும் பார்த்து, அந்த நாட்டு வெயிலைப் பார்க்காம விட்டுட்டோம்.

வீட்டிலிருந்து ஆலைக்கு

பிஸ்கட் என்ற சொல்லுக்கு லத்தீனில் 'இரண்டு தடவை வெந்தது' என்று பொருள். கப்பலில் கெடாம இருக்க, ஈரமில்லாம வறட்டி எடுத்த ரொட்டி அது. குக்கி என்றால் டச்சு மொழியில் 'குட்டி கேக்'. பேர் வேற ஆனாலும் ரொம்ப காலம் இரண்டும் சின்ன அளவில் கையால செஞ்சதுதான்.

1822-ல் இங்கிலாந்தின் ரெடிங் ஊரில் ஜோசப் ஹண்ட்லி என்பவர் ஒரு சின்னக் கடை போட்டார். 1841-ல் ஜார்ஜ் பாமர் கூட்டாளியாச் சேர்ந்து இயந்திரம் வச்சார். ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட், தகர டப்பாவில் உலகம் முழுக்கப் போச்சு. 1843-ல் பர்மிங்காம் ஊரில் ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்துக்காரர் பேக்கிங் பவுடர் செஞ்சார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கலையாம். அந்த அம்மாவுக்காகச் செஞ்சதுதான் இன்னைக்கு நம்ம ஸ்பூனில் அளந்து போடுறது.

நம்ம பக்கம், கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1880-ல் பிஸ்கட் பேக்கரி தொடங்கினார். பர்மாவில் தொழில் கத்துக்கிட்டு வந்தவர். 1892-ல் கல்கத்தாவில் பிரிட்டானியா. 1939-ல் பம்பாயில் பார்லே பிஸ்கட் போட ஆரம்பிச்சாங்க. இயந்திரம் வந்ததால ஏழைப் பிள்ளைக்கும் பிஸ்கட் கிடைச்சுது. அதைக் குறை சொல்ல மாட்டேன். நம்ம நாட்டில் பிஸ்கட் ஆலை வழியாவே வந்ததால, அது பெண்கள் கையில் பிறந்த பண்டிகைப் பலகாரம் என்பது நமக்குத் தெரியாமலே போச்சு. அதனாலதான் கூட்டத்தில் அந்த அக்கா கேட்டதும் எல்லாரும் சிரிச்சோம்.

2024

ஓவனை விற்கலை. ஒரு வருஷம் பார்ப்போம்னு தீர்மானம் போட்டோம். மதினி வச்சிருந்த ஒரே அச்சைப் பார்த்து, எங்க ஊர் ஆசாரி அண்ணன் பூவரசு மரத்தில் ஆறு அச்சு செதுக்கிக் கொடுத்தார். மூணு வகை முடிவு செஞ்சோம். சடை பிஸ்கட், அச்சு பிஸ்கட், பல் ஓர பிஸ்கட்.

உபயோகப்படும் என்று அளவும் சொல்லிடுறேன். சாதா பிஸ்கட்டுக்கு 1-2-3 என்று ஞாபகம் வச்சுக்கங்க. சீனி 100 கிராம், வெண்ணெய் 200 கிராம், மைதா 300 கிராம். பிசைஞ்சு அரை மணி நேரம் குளிர வச்சு, அரை விரல் கனத்துக்குத் தேய்ச்சு வெட்டி, 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிஷம். ஓரம் பொன் நிறம் வந்ததும் எடுத்திரணும், எடுத்த பிறகும் உள்ளே கொஞ்சம் வேகும். அச்சு பிஸ்கட்டுக்கு ரவையில் நெய் ராத்திரியே ஊறணும். அவசரப்பட்டா அச்சில் ஒட்டும், வெந்ததும் விரிசல் விடும். எதுவானாலும் கம்பி வலை மேல முழுசா ஆறின பிறகுதான் டப்பா. இந்த ஒரு வரியைத் தெரிஞ்சுக்க எங்களுக்குப் பாதி ஆர்டர் பணம் செலவாச்சு.

மார்ச் 31-ஆம் தேதி ஈஸ்டர். பத்து நாள் முந்தி எங்க தலைவி அக்கா அதே மாதா கோவிலுக்கு மூணு வகையையும் ஒரு டப்பாவில் எடுத்துட்டுப் போனாங்க. அங்கே பெரியவர் கொஞ்சம் தயங்கினார். அக்கா, "டப்பாவை அந்த வெயிலில் வைங்கய்யா. ஒரு மணி நேரம் கழிச்சுத் திறந்து பாருங்க. ஒட்டியிருந்தா நாங்க கிளம்புறோம்" என்று சொல்லி, வேப்ப மர நிழலில் உட்கார்ந்துட்டாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு, உச்சி வெயிலில் சுட்ட டப்பாவைத் திறந்தா, வச்சது வச்சபடி இருந்துச்சு. முதலில் 200 கேட்டார். வியாழக்கிழமை ஆள் அனுப்பி இன்னும் 300 சொன்னார். பிள்ளைகளுக்குச் சடை பிஸ்கட்தான் ரொம்பப் பிடிச்சதாம். யார் சடை நீளம்னு ஒட்ட வச்சுப் பார்த்துட்டுத்தான் தின்னாங்களாம்.

ஏப்ரல் 11 ரம்ஜான். பள்ளிவாசல் தெருவிலிருந்து வர்ற எங்க உறுப்பினர் ஒருத்தங்க அச்சு பிஸ்கட்டைத் தெருவில் காட்டினாங்க. அந்த ஒரு தெருவிலேயே 15 கிலோ போச்சு. ஏப்ரல் 14 சித்திரை ஒண்ணு. உள்ளே எள்ளும் கருப்பட்டியும் வச்சு எங்க வீடுகளுக்குச் செஞ்சோம். ஒரே அச்சில் இரண்டு வாரத்தில் மூணு பண்டிகை. நோட்டில் எழுதினது எங்க கையிலேயே நடந்துச்சு.

பெரிய லாபம்னு பொய் சொல்ல மாட்டேன். கரண்டு, நெய், கூலி எல்லாம் கழிச்சு, அந்த இரண்டு வாரத்தில் ஆளுக்கு 1,150 ரூபாய் நின்னுச்சு. இதை எழுதுற இன்னைக்குக் கடனில் இன்னும் ஒன்பது தவணை பாக்கி. ஆனா ஓவனை விற்கிற பேச்சு அதுக்குப் பிறகு வரலை.

மதினியிடம் ஒருநாள் கேட்டேன், இந்த அச்சை எதுக்கு இத்தனை வருஷம் பெட்டிக்குள்ளேயே வச்சிருந்தீங்கன்னு. "அங்கே நான் ஆயிரக்கணக்கில் தட்டியிருக்கேன். ஒரு வருஷம்கூட அது என் பண்டிகை இல்லை. இதைப் பார்த்தாலே கை வலிதான் ஞாபகம் வரும்" என்றாங்க. ஊருக்குக் கிளம்பும்போது அந்த வீட்டுப் பாட்டி அழுதுகிட்டே கையில் வச்சுக் கொடுத்த அச்சு அது. தூர எறியவும் மனசு வரலையாம், வெளியே எடுக்கவும் மனசு வரலையாம். இப்போ புதுசா வர்ற பிள்ளைகளுக்கு அச்சு தட்டச் சொல்லிக் கொடுக்கிறது மதினிதான். அதுக்குக் குழு தனியாக் கூலியும் கொடுக்குது. மாவு ஒட்டினா, "மேசை விளிம்பில் தட்டு, பயப்படாம தட்டு" என்று சத்தம் போடுவாங்க.

சகோதரிகளே, உங்க குழுவிலும் பெட்டிக்குள்ள ஏதாவது ஒரு சாமான், ஏதாவது ஒரு கைப்பழக்கம் கிடக்கும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தவங்களிடமும் வயசான பாட்டிகளிடமும் ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்க. கேட்டதை நோட்டில் எழுதி வைங்க. அடுத்த ஈஸ்டருக்கு அச்சு வேணும்ங்கிற குழு எங்களிடம் சொல்லுங்க, ஆசாரி அண்ணனிடம் செதுக்கி வாங்கித் தர்றோம். மரத்துக்கும் கூலிக்கும் உள்ள காசு கொடுத்தா போதும்.